இந்த ஊருக்குச் சேரி எங்கே?

எந்த ஊருக்குப் போனாலும் நான் மொதல்ல தேடுறது சேரி எந்தப் பக்கம் இருக்குதுன்னுதான். காத்து எந்தத் திசையில வீசுது, ஆறு எந்தப் பக்கம் இறங்குது, சுடுகாடு எங்க. இது மூணும் தெரிஞ்சா போதும், யாரையும் கேக்க வேணாம். சேரி அங்கதான் இருக்கும். இது எந்தப் புத்தகத்திலயும் படிச்சதில்ல. பாலாற்றங்கரையில் தோல்ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற எங்க சேரியில் பொறந்து வளர்ந்த கண்ணுக்குத் தானா வந்தது.

இந்தக் கண்ணோடுதான் 2023 செப்டம்பரில் ஐரோப்பாவுக்குப் போனேன். பிராங்க்பர்ட் பக்கத்தில் ஒரு சிறு கூட்டம். சாதியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், டிக்கெட்டும் அவர்களே எடுத்தார்கள். கூட்டம் முடிந்து விமானம் ஏற ஐந்து நாள் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, என்னட்டக் கார் இருக்கு. அஞ்சு நாளும் லீவு போட்டிட்டன். பழைய பட்டணங்களைக் காட்டிறன், வாரும்" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். 1985இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர். ஈழத்தமிழர் பலர் அந்த வருசங்களில் அந்த வழியாகத்தான் வந்தார்கள். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு முப்பது வருசத்துக்கு மேலாக லாரி ஓட்டுகிறார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் என்ன சாதி என்று கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன். அவர் தன்னுடையதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரில் ஏறினோம்.

பிராங்க்பர்ட் என்றால் வானத்தை முட்டுகிற வங்கிக் கட்டடங்கள் என்று நினைத்திருந்தேன். அண்ணன் என்னை ஒரு நகராட்சி அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கண்ணாடியும் விளக்கும் வைத்து, இடிந்த வீடுகளின் கல் அஸ்திவாரங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஐந்து வீடுகள். யூதர் தெரு என்று பெயர். 1462இல் நகரத்திலிருந்த யூதர்களையெல்லாம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, பழைய மதில் ஓரமாக ஒரே ஒரு தெருவில் கொண்டுவந்து அடைத்தார்கள். தெருவின் நீளம் சுமார் 330 மீட்டர். அகலம் மூணு நாலு மீட்டர். மூணு வாசல். ராத்திரியில் பூட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பூட்டுவார்கள், கிறிஸ்தவத் திருநாளில் பூட்டுவார்கள். வெளியே போனால் சட்டையில் மஞ்சள் வளையம் தைத்திருக்க வேண்டும். ஊர்க்காரர் காற்று வாங்குகிற பூங்காவில் கால் வைக்கக் கூடாது.

அடைத்தபோது நூத்துச் சொச்சம் பேர். 1600ஐ ஒட்டி மூவாயிரம் பேர் அளவுக்குப் பெருகிவிட்டார்கள். தெருவை அகலப்படுத்த விடவில்லை. வீட்டை மேலே உயர்த்தினார்கள், ஒரு வீட்டை ரெண்டாகப் பிளந்தார்கள், பின்கட்டில் ஒண்டினார்கள். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்க காலனியில் எங்க தாத்தாவுக்குக் கொடுத்த மூணு சென்டில் இன்றைக்கு நாலு குடும்பம் இருக்கிறது. ஊர்ப்பக்கம் ஒரு சென்ட் வாங்கிவிட முடியுமா?

அந்தத் தெருவில் பூட்டி வைக்கும் வழக்கம் 1796இல் பிரெஞ்சுப் படை குண்டு வீசித் தெருவில் பாதி எரிந்த பிறகுதான் உடைந்தது. சட்டத்தில் முழுச் சமத்துவம் வந்தது 1864இல். இந்த அஸ்திவாரங்கள் கண்ணில் பட்டது 1987இல், அலுவலகம் கட்டத் தோண்டியபோது. மூடிவிட்டுக் கட்டடத்தை எழுப்பப் பார்த்தார்கள். மக்கள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து போராடினார்கள். கட்டடமும் எழும்பியது, ஐந்து வீடும் மிஞ்சியது. 1992இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

வெளியே பழைய யூதர் கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர். அந்தச் சுவரில் கைக்கு அடக்கமான உலோகக் கட்டிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஏறத்தாழ 12,000. ஒவ்வொன்றிலும் நாஜிகள் கொன்ற ஒரு பிராங்க்பர்ட்காரரின் பெயர். இந்த ஊரில் பிறந்த ஆன் பிராங்கின் பெயரும் உண்டு. வருகிறவர்கள் ஒரு சின்னக் கல்லை எடுத்து அந்தக் கட்டிகளின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அண்ணனும் குனிந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார்.

யூதர்களுக்கு நடந்ததும் நமக்கு நடப்பதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அறுபது லட்சம் பேரைக் கொன்ற கொடுமையை வேறு எதோடும் வைத்து எடை போடக் கூடாது. நான் பார்த்தது வேறு. ஒரு நகரம் தான் செய்த அநியாயத்தைத் தன் சுவரிலேயே, தன் செலவிலேயே, பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் ஜனங்கள் குழிக்குள் இறங்கிப் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்த்தேன்.

மறுநாள் தெற்கே போனோம். கெல் என்கிற ஊரில் ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிரான்ஸ். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. இதே ஆறு வடக்கே ஓடிப் பான் நகரத்தைத் தொடுகிறது. 1921இல் அம்பேத்கர் அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்திருந்தார் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் பாலத்தின் மேல் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

ஸ்ட்ராஸ்பர்க். ஊர் நடுவில் ஆறு கிளை பிரிகிற இடத்தில் 'சின்ன பிரான்ஸ்' என்று ஒரு பேட்டை. உலகத்துச் சுற்றுலாக்காரர் எல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள். தண்ணீரில் நிழல் விழும் மரச்சட்டக வீடுகள், சன்னலெல்லாம் பூத்தொட்டி. ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பூவைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். சரிந்த கூரையில் வரிசை வரிசையாகத் திறப்பு, காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி. ஆற்றை ஒட்டி வீடு. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது.

"அண்ணே, இது தோல் காயப்போடுற எடம்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?" என்றார். ரெண்டு அடி தள்ளி ஒரு பலகை இருந்தது. அவர் படித்துச் சொன்னார். தோல் பதனிடுவோர் பேட்டை. 1572இல் கட்டிய தோல்காரர் வீடு ஒன்று இன்றைக்குப் பெரிய உணவகம். அதன் சாப்பாட்டு விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் உள்ளே போகவில்லை.

எங்க நைனா முப்பத்தொரு வருசம் தோல்ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் இடுப்பளவு நின்று தோலைப் புரட்டுகிற வேலை. நகக்கண் வெடித்து, விரலிடுக்கு வெந்து, சோத்தைப் பிசைய முடியாமல் அம்மா உருட்டிக் கொடுப்பாங்க. இங்கே ஓக் மரப்பட்டையில் பதப்படுத்தினார்கள். எங்க தாத்தா காலத்தில் நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, பிறகு குரோமியம். பட்டை வேறு, நாற்றம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காராத பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்ன காரணம் அந்த நாற்றம். நானும் அதை நம்பினேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவேன். எம்.ஏ. சேர்ந்தபோது அப்பா என்ன பண்றார் என்று கேட்டார்கள். "லெதர் கம்பெனியில சூப்பர்வைசர்" என்றேன். அந்தப் பொய்யை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

அந்தப் பொய் எனக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் உடைந்தது. இந்த ஊர்த் தோல்காரனும் நாறினான். அதனால்தான் ஆற்றோரம் குடியேற்றினார்கள். ஆனால் அவனுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1332 முதல் கைத்தொழில் சங்கங்களுக்கு நகரத்து ஆட்சி மன்றத்தில் இடம் இருந்தது. தோல்காரர் சங்கமும் அதில் ஒன்று. நாற்றத்தோடு போய் மன்றத்தில் உட்கார்ந்தான். செதுக்கிய மரத்தில் வீடு கட்டிக்கொண்டான், பெண் கொடுத்தான், பெண் எடுத்தான். அப்படியானால் நம்மைத் தள்ளி வைத்ததற்கு நாற்றம் காரணமே இல்லை. சாதி முதலில் வந்தது. காரணத்தைப் பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள்.

அந்தத் தோல்காரனைக் கொண்டாடவும் எனக்கு மனசு வரவில்லை. 1349 பிப்ரவரி 14ஆம் தேதி இதே ஊரில் யூதர்களைக் கூட்டமாக எரித்துக் கொன்றார்கள். பழைய குறிப்புகள் ரெண்டாயிரம் பேர் என்கின்றன. கொள்ளைநோய் பரவிக்கொண்டு வந்த நேரம். யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள். யூதர்களைக் காப்பாற்றப் பார்த்த மன்றத்தைக் கவிழ்த்தவை இதே கைத்தொழில் சங்கங்கள்தாம். கொன்றபின் கடன் பத்திரங்கள் ரத்தாயின, காசைச் சங்கத்தார் பங்கிட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நூற்றாண்டுக்கணக்காக யூதர் பகலில் வந்து போகலாம், ராத்திரி தங்கக் கூடாது. சாயங்காலம் கோயில் கோபுரத்திலிருந்து கொம்பு ஊதினால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி வரை அந்தக் கொம்பு ஊதியது. உழைக்கிறவன் என்பதற்காக ஒருவன் அடுத்தவனை மிதிக்காமல் இருக்க மாட்டான். சேரியை எரிக்க வருகிற கூட்டத்தில் கூலிக்காரர்கள் இருப்பதைப் பார்த்த நமக்கு இது புதுசில்லை.

கிணற்றில் விஷம் என்று படித்ததும் நான் நினைத்தது வேங்கைவயலை. 1349இல் சொன்னது பொய். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது மெய். நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 ஜனவரியில், போலீஸ் அந்த ஊர்த் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. தண்ணீரைக் கெடுத்தவன் யார் என்ற கேள்வி வந்தால் விரல் எந்தப் பக்கம் நீளும் என்பது எல்லா ஊரிலும் முன்னாலேயே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தோல்காரர் பேட்டையில் இன்றைக்குப் பூவாசனை. நாற்றம் எங்கே போயிற்று? எங்க ஊருக்கு வந்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலும் செருப்பும் இந்த ஊர்க் கடைகளுக்குத்தான் ஏற்றுமதியாகின்றன. பாலாறு கெட்டதைப் பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அந்தப் பேட்டைப் பலகையில் இந்த வரி இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து நியூரம்பர்க் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாதி வழியில் லாரிகள் ஒதுங்குகிற இடத்தில் நிறுத்தினோம். அண்ணன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கப்பை என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரிச் சிரித்தார்.

"தம்பி, நான் சின்னனில எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையில சிரட்டையில குடிச்சனான்" என்றார்.

அவ்வளவுதான். ரெண்டு நாள் காருக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பிறகு அவராகவே பேசினார். ஒரே மகள், இருபத்தாறு வயசு, ஜெர்மனியில் பிறந்தவள், ரீகன்ஸ்பர்க்கில் ஆஸ்பத்திரி வேலை. ஒரு தமிழ்ப் பெடியனை விரும்பினாள். அவனும் இங்கே பிறந்தவன். பெடியனின் தாய் யாழ்ப்பாணத்துக்கு ரெண்டே ரெண்டு போன் போட்டாள். 'ஊரில எவடம்? ஆற்ற ஆக்கள்?' ஒரு கிழமைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. கலியாணம் நின்றது. பெடியனின் தாய் ஒரு சாதிப் பெயரைச் சொல்லி, அந்த வீட்டில் நாங்கள் எடுக்க மாட்டோம் என்று என் மகளிடமே சொன்னாள் என்றார்.

"அண்டைக்கு ராத்திரி பிள்ளை எனக்கு போன் எடுத்துக் கேட்டவள், அப்பா, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு."

பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"நான் அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. இருபத்தாறு வருசமாச் சொல்லேல்லை. அந்தச் சொல்லு என்னோட செத்துப் போகட்டும் எண்டு நினைச்சன். பிழையோ?"

மறைக்காதே, சொல், எழுது என்று மேடை மேடையாகப் பேசுகிறவன் நான். அங்கே எனக்கு வாய் வரவில்லை. 'சூப்பர்வைசர்' மகனுக்கு என்ன பதில் சொல்ல யோக்கியதை இருக்கிறது?

நியூரம்பர்க் போய்ச் சேர்ந்தோம். பெரிய சந்தைத் திடலில் நின்றோம். கிறிஸ்துமஸ் சந்தைக்கு உலகப் புகழ் பெற்ற திடல் அது. 1349 டிசம்பர் 5ஆம் தேதிவரை அங்கே யூதர் குடியிருப்பு இருந்தது. சந்தை போட இடம் வேண்டும் என்று மன்னர் நான்காம் சார்லஸிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு 562 பேரைக் கொன்று வீடுகளை இடித்தார்கள். ஜெப ஆலயம் இருந்த இடத்தில் மாதாகோயில் எழும்பியது. இந்த ஊரின் பெயரில்தான் 1935இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களும் வந்தன.

அண்ணன் என்னை அங்கிருந்து ஆற்றுக்குக் கூட்டிப் போனார். பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் வளைவுகள் கட்டி, அதன்மேல் ஒரு வீடு. ஊரின் அந்தக் கரையிலும் இல்லை, இந்தக் கரையிலும் இல்லை. தண்ணீருக்கு மேலே. அது தூக்குப் போடுகிறவனின் வீடு. இப்போது அருங்காட்சியகம். பிரான்ஸ் ஷ்மிட் என்பவர் 1578 முதல் 1617 வரை இந்த ஊருக்குத் தூக்குப் போட்டவர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகளை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

கொலைத்தண்டனை கொடுத்தது நகர மன்றம். நிறைவேற்றியவன் மட்டும் தீட்டுப்பட்டவன். அந்தக் காலத்து ஜெர்மன் நகரங்களில் தூக்குப் போடுகிறவனையும் செத்த மாட்டை உரிக்கிறவனையும் மானமற்ற தொழில்காரர் என்று ஒதுக்கினார்கள். அவனோடு உட்கார்ந்து குடித்தால் சங்கத்தைவிட்டு நீக்கம். அவன் பிள்ளைக்கு எந்தச் சங்கத்திலும் இடமில்லை. அவன் பெண்ணை அவன் தொழில்காரன்தான் கட்ட வேண்டும். தூக்குமரம் நட வேண்டுமென்றால் ஊரிலுள்ள தச்சர் எல்லாரும் சேர்ந்து கைவைப்பார்கள், தீட்டு ஒருத்தன் தலையில் விழக்கூடாது என்று. தோலைப் பதப்படுத்தியவன் மன்றத்தில், தோலை உரித்தவன் ஊருக்கு வெளியே. ஒரே மாட்டுத் தோல்தான்.

ஷ்மிட்டின் அப்பா பிறவியில் தூக்குப் போடுகிறவர் இல்லை. 1553இல் ஹோப் என்கிற ஊரில் மூன்று பேரைத் தூக்கிலிட ஆள் கிடைக்கவில்லை. பிரபு, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து அவரைப் பிடித்து, நீ போடு என்றான். மறுத்தால் உயிருக்கு ஆபத்து. போட்டார். அன்றிலிருந்து குடும்பமே தீட்டு. மகன் பிரான்ஸ் அந்தத் தொழிலை நாற்பது வருசம் குடிக்காமல், ஒழுங்காகச் செய்தார். பக்கத்தில் வைத்தியமும் பார்த்தார். 1624இல், வேலையைவிட்ட பிறகு, சக்கரவர்த்திக்கு மனுப் போட்டார். எங்கள் குடும்பத்துக்கு மானத்தைத் திருப்பிக் கொடுங்கள், என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன் என்பதுதான் மனு. கொடுத்தார்கள். கடுதாசியில் எழுதி, முத்திரை குத்தி.

1731இல் பேரரசு இந்தத் தொழில்காரரின் பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்க்கச் சொல்லிச் சட்டம் போட்டது. செத்த மாடு உரிப்பவனின் பிள்ளைகளை அப்போதும் விட்டுவிட்டார்கள். 1772இல்தான் அவர்களுக்கும் வழிவிட்டார்கள். சட்டம் வந்ததும் ஜனங்கள் மாறிவிடவில்லை. பிறகு சங்கங்களே ஒழிந்தன, பட்டணங்கள் பெருகின, தொழில்கள் கலைந்தன. இன்றைக்கு அந்த ஊரில் யாரும் யாரையும் உன் பாட்டன் மாடு உரித்தவனா என்று கேட்டுப் பெண் கொடுப்பதில்லை. அங்கே தீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது சங்கமும் வழக்கமும். போன பிறவியில் செய்த பாவம் என்று அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு சாஸ்திரம் இல்லை. அதனால் அது விழுந்தது. நம்முடையது 1950 ஜனவரி 26 முதல் பதினேழாம் பிரிவின்படி ஒழிந்துவிட்டது. எங்க நைனாவுக்கு அந்தக் கடுதாசியை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

அண்ணன் ஆற்றுப்பாலத்தில் சாய்ந்துகொண்டு அந்த வீட்டையே பார்த்தார். "இந்த மனிசனும் பிள்ளையளுக்காகத்தான் அழிச்சவர்" என்றார்.

"அழிக்கலண்ணே" என்றேன். "இன்னது எங்களுக்குச் செஞ்சீங்கன்னு எழுதிக் கேட்டாரு. கேட்டதுக்கு அப்புறந்தான் போச்சு."

இதை அவருக்குச் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று தெரியவில்லை.

நாலாம் நாள் ரீகன்ஸ்பர்க். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்பாலத்தில் டான்யூப் ஆற்றைக் கடந்து உள்ளே போனோம். மகள் வேலை முடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். என்னை அண்ணா என்றாள். தகப்பனோடு அதிகம் பேசவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எங்களை ஒரு திறந்த சதுக்கத்துக்குக் கூட்டிப் போனாள்.

சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் தரையோடு தரையாக வெள்ளைக் கல் மேடைகள். தூண்களின் அடிப்பாகம் போல வட்டங்கள். பிள்ளைகள் அதன்மேல் குதித்து விளையாடின. கிழவர் ரெண்டு பேர் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். 1519 பிப்ரவரிவரை அங்கே யூதர் தெருவும் ஜெப ஆலயமும் இருந்தன. சக்கரவர்த்தி மேக்ஸிமிலியன் ஜனவரியில் செத்தார். காப்பாற்ற ஆளில்லாத நேரம் பார்த்து நகர மன்றம் சுமார் 500 பேரைச் சில நாள் கெடுவில் குளிரில் விரட்டியது. ஆல்ட்டார்பர் என்ற பெரிய ஓவியர் அந்த மன்றத்தில் உறுப்பினர். இடிக்கும் முன்னால் ஆலயத்தைப் படமாக வரைந்துகொண்டார். வரைந்த கை இடிப்பதற்கும் கை தூக்கியது. கல்லறைக் கற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கிக் கட்டடம் கட்டினார்கள். சிலவற்றை வெற்றிச் சின்னமாக வீட்டுச் சுவரில் பதித்தார்கள். இன்றும் சில சுவர்களில் எபிரேய எழுத்தோடு தெரிகின்றன. அவள் ஒன்றைக் காட்டினாள்.

1995க்குப் பிறகு தோண்டியபோது ஆலயத்தின் அஸ்திவாரம் கிடைத்தது. இஸ்ரேல் சிற்பி டானி கரவான், அது இருந்த இடத்திலேயே அதன் தரைப்படத்தை வெள்ளை நிறத்தில் அமைத்தார். 2005இல் திறந்தார்கள். யாரும் ஏறலாம், உட்காரலாம். விரட்டிய 500ஆவது வருசம், 2019இல், ஊரில் புது ஜெப ஆலயமும் திறந்தார்கள்.

நாங்களும் அந்தக் கல்லில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவள் தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இந்தச் சனம் தாங்கள் செய்ததைத் தாங்களே எழுதி வைச்சிருக்கினம். நீங்கள் எங்களுக்கு மற்றவை செய்ததையே எனக்கு மறைச்சுப் போட்டியள். ஏன்?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குனிந்து கல்லைத் தடவினார்.

நான் முந்திக்கொண்டேன். எங்க நைனா சூப்பர்வைசர் கதையை அவளிடம் சொன்னேன். சுண்ணாம்புத் தொட்டி, அம்மா உருட்டிக் கொடுத்த சோறு, எம்.ஏ. வகுப்பு, எல்லாம். பேசிப் பழகினவன் எனக்கே அன்றைக்குத் தொண்டை அடைத்தது. நான் முடித்ததும் அண்ணன் தொடங்கினார்.

"நாங்கள் நளவர், பிள்ளை. பனை ஏறிக் கள்ளுச் சீவின ஆக்கள். உன்ர அப்பப்பா பெரிய சீவல்காரன். 68இல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் தேருக்கு எங்களையும் உள்ள விடச் சொல்லிச் சனம் போய் வாசலில குந்தினது. சுந்தரலிங்கம் எண்டு ஒரு முந்தின மந்திரி, படிச்ச பெரிய மனிசன், அவர் நிண்டு மறிச்சவர். அப்பா அந்தச் சனத்தோட நிண்டவர். நான் சின்னப் பெடியன். ராத்திரி நெத்தியில காயத்தோட வீட்ட வந்தவர். அம்மா மஞ்சள் வைச்சுக் கட்டினவ. அழேல்லை, சிரிச்சுக்கொண்டு வந்தவர். அந்தச் சிரிப்பை நான் உனக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

அவள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஐஸ்கிரீம் கிழவர்கள் எழுந்து போனார்கள். வெளிச்சம் போகிறவரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே அவள் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். சிரட்டை. பாளை. முட்டி.

ஊர் வந்த பிறகு எங்க ஊர்க் கோயில் வாசலில் உள்ள தலவரலாற்றுப் பலகையை ஒருநாள் நின்று முழுசாகப் படித்தேன். எந்த ராசா கட்டினான், யார் நிலம் எழுதி வைத்தான், எல்லாம் இருக்கிறது. யாரை எத்தனை வருசம் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம் என்பது இல்லை. 2008 மே 6ஆம் தேதி உத்தப்புரத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். இடித்த இடத்தில், இந்தச் சுவர் ஏன் எழும்பியது, யார் எழுப்பினார் என்று அந்த ஊர் தன் கையால் ஒரு பலகை எழுதி நடும் நாள் வருமா? ஊர் எழுதும் என்று காத்திருந்தால் நாம் செத்துப்போவோம். பிராங்க்பர்ட்டில்கூட ஜனங்கள் குழிக்குள் இறங்கிய பிறகுதான் கல் மிஞ்சியது.

ரெண்டு மாசம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ரெண்டு பக்கம் வந்தது. அப்பப்பாவின் பெயர், ஊர், ஏறிய மரங்களின் கணக்கு, மாவிட்டபுரம், நெற்றிக் காயம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், எழுத்துப்பிழை நிறைய. பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். எல்லாப் பெயரையும் போடச் சொன்னாள் மகள். அண்ணன் மட்டும், "இப்ப வேண்டாம் தம்பி, ஊரில தங்கச்சிக்கு ரெண்டு பெட்டையள் இருக்கு, கலியாணம் ஆகேல்லை" என்றார்.

இதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அந்த ரெண்டு பக்கமும் என் மேசையில் இருக்கிறது. அப்பாவும் மகளும் பேசி முடிக்கட்டும். எங்க நைனாவின் பெயர் முனுசாமி. தோல்ஷாப்புக் கூலி.